சர்வரின் சேசிஸ் நம்பர்

தமிழ்நாட்டில் வாங்கிய வண்டியோடு வேறு மாநிலத்துக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருக்கும். ஒரே வண்டிக்கு இரண்டு எண்கள். கம்பெனியில் இரும்பிலேயே அடித்து அனுப்புவது சேசிஸ் நம்பர். ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுப்பது பதிவு எண். முதல் எண் 'இது எந்த வண்டி' என்று சொல்லும்; எந்த ஊருக்குப் போனாலும் மாறாது. இரண்டாவது எண் 'இது ஓட யார் அனுமதி கொடுத்தார்கள்' என்று சொல்லும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது 1988ம் வருட மோட்டார் வாகனச் சட்டம். என்.ஓ.சி., சாலை வரி, புரோக்கர்... மீதிக் கதை உங்களுக்கே தெரியும்.

கம்பெனிகளில் ஓடும் சர்வர்களுக்கும் இதே மாதிரி இரண்டு எண்கள் உண்டு. பெட்டியின் சீரியல் நம்பர் ஒன்று, அதில் ஓடும் மென்பொருளின் லைசன்ஸ் இன்னொன்று. ஒரே ஒரு வித்தியாசம், இங்கே பல சமயம் இரண்டையும் சேர்த்துப் பூட்டுப் போட்டிருப்பார்கள். பெட்டி மாறினால் லைசன்ஸும் போச்சு.

பெட்டிமேல் ஒட்டும் எண் முதலில் வாங்கியவருக்காகத்தான் பிறந்தது. ரிப்பேர் செய்ய, உதிரி பாகம் அனுப்ப, வாரண்டி பார்க்க. அது எப்படி விற்றவரின் காவல்காரனாக மாறியது? ரொம்ப நாளாக இந்தத் துறையில் குப்பை கொட்டுகிறவன் என்ற முறையில் இதை எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். பதிவு கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஸ்டிக்கர் பேசும் பாஷை

முதலில் ஸ்டிக்கரைப் படிப்போம். பழைய ஹெச்.பி. கருவிகளில் 2445ஏ01234 என்கிற மாதிரி ஓர் எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கத்தோடு 1960ஐக் கூட்டினால் வருடம். ஆக 24 என்றால் 1984. அடுத்த 45 என்பது வாரம். நடுவில் உள்ள எழுத்து நாடு: ஏ என்றால் அமெரிக்கா, ஜே என்றால் ஜப்பான், ஜி என்றால் ஜெர்மனி, யு என்றால் பிரிட்டன். கடைசி ஐந்து இலக்கம் வரிசை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த வருடமும் வாரமும் பெட்டி செய்யப்பட்ட நாள் அல்ல. அந்த மாடலின் வடிவமைப்பில் கடைசியாக எப்போது மாற்றம் செய்தார்கள் என்பதைக் குறிப்பது. ஒரே முன்எண் உள்ள எல்லாப் பெட்டிகளும் உள்ளே ஒரே மாதிரி இருக்கும். ரிப்பேருக்கு வருகிற ஆள் கையேட்டில் அந்த முன்எண்ணுக்கான பக்கத்தைத் திறந்தால் போதும், எந்தப் பலகை, எந்தப் பாகம் என்று தெரிந்துவிடும். முழுக்க முழுக்க ரிப்பேர்காரருக்காக யோசித்துச் செய்த எண்.

ஒய்2கே என்று உலகமே அல்லாடிய நேரத்தில் இந்த எண் மட்டும் 39க்குப் பிறகு 40 என்று சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது. 1960ஐ அடிப்படையாக வைத்ததால் 2059 வரை கவலையில்லை :-)

2002ல் காம்பாக்கை ஹெச்.பி. வாங்கியது. அதற்குப் பிறகு வந்த சர்வர்களில் வேறு வடிவம் பரவியது. பத்து குறிகள். முதல் மூன்று எழுத்து தயாரான நாடும் ஆலையும் (எஸ்.ஜி.ஹெச். என்றால் சிங்கப்பூர்), பிறகு வருடத்தின் கடைசி இலக்கம், பிறகு வாரம், கடைசி நான்கு வரிசை. எழுத்துகளுக்குப் பிறகு 841 என்று வந்தால் எட்டில் முடியும் வருடம், 41வது வாரம். 2008 என்று வைத்துக்கொண்டால் அது ஆயுத பூஜை நடந்த வாரம்! ஆனால் வருடத்துக்கு ஒரே இலக்கம் என்பதால் 2018ம் அதே 8தான். பெட்டியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

டெல் வேறு வழியில் போனது. அவர்களுடைய சர்வீஸ் டேக் ஏழு குறிகள். 0 முதல் 9 வரையும் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் வரலாம் என்பதால் மொத்தம் 36 குறிகள். ஏழு இடத்தில் 36 குறிகள் என்றால் சுமார் 7,836 கோடி பெட்டிகளுக்குப் பெயர் வைக்கலாம். அதன் பக்கத்திலேயே 'எக்ஸ்பிரஸ் சர்வீஸ் கோட்' என்று வெறும் இலக்கங்களில் ஒரு நீள எண் இருக்கும். அது வேறு எண் அல்ல. அதே சர்வீஸ் டேக்கை 36ம் அடிமானத்திலிருந்து நம்முடைய பத்தாம் அடிமானத்துக்கு மாற்றி எழுதியது. போனில் பட்டனை அமுக்கிச் சொல்ல இலக்கம்தானே வசதி? 'பி ஃபார் பாம்பே, எம் ஃபார் மெட்ராஸ்' என்று கத்தவேண்டிய அவசியம் இல்லை.

இதுவரை பார்த்ததெல்லாம் சேசிஸ் நம்பர் ரகம். நமக்கு உதவுவதற்காக இருப்பவை. எப்போது கதை மாறியது?

மென்பொருளுக்கு விலை வந்த நாள்

1969 ஜூன் 23. அன்றுதான் ஐ.பி.எம். தன் மென்பொருளையும் சேவையையும் இயந்திரத்திலிருந்து பிரித்துத் தனித்தனியாக விலை போடப் போவதாக அறிவித்தது. அதுவரை பெட்டியை வாடகைக்கு எடுத்தால் புரோகிராம், பயிற்சி, எஞ்சினியர் எல்லாம் சேர்ந்தே வரும். பூ வாங்கினால் நார் இலவசம் என்பது போல. அந்த வருடம் ஜனவரியில்தான் அமெரிக்க அரசு ஐ.பி.எம். மீது ஏகபோக வழக்குப் போட்டிருந்தது. பிரித்து விற்ற பிறகு பெட்டியின் விலையைக் குறைத்தது எவ்வளவு தெரியுமா? 3 சதவீதம்!

விலை வைத்தவுடன் அடுத்த கேள்வி வந்துவிட்டது. ஒரு பெட்டிக்கு வாங்கிய புரோகிராமைப் பக்கத்துப் பெட்டியிலும் போட்டால் என்ன செய்வது? ஐ.பி.எம். ஒப்பந்தத்தில் 'குறிப்பிட்ட இயந்திரம்' என்று ஒன்றை எழுதிவிடுவார்கள். அந்தச் சீரியல் நம்பர் உள்ள பெட்டியில் மட்டும்தான் புரோகிராம் ஓடலாம். அது பழுதாகிப் படுத்துவிட்டால் தற்காலிகமாக வேறு பெட்டியில் ஓட்டிக்கொள்ளலாம் என்ற சலுகையும் இருந்தது. எல்லாம் காகிதத்தில்தான். நம்பிக்கையின் பேரில் நடந்தது.

1970ல் வந்த சிஸ்டம்/370 வரிசையில் ஒரு புதிய கட்டளை இருந்தது. புரோகிராம் அதைக் கூப்பிட்டால், தான் யார் என்று இயந்திரமே பதில் சொல்லும்: எந்த மாடல், ஆறு குறிகளில் அடையாள எண் என்ன என்று. அந்த எண் பெட்டியில் பொறித்த சீரியல் நம்பரிலிருந்து எடுக்கப்பட்டது. அதே பதிலின் கடைசிப் பகுதி, இயந்திரம் பழுதானால் அந்த விவரத்தை எழுத எவ்வளவு இடம் வேண்டும் என்று சொல்வது. அதாவது பழுதுப் பதிவேட்டோடு சேர்ந்து வந்த சங்கதி. ஆனால் மென்பொருள் விற்பவர்கள் பார்த்தார்கள்: அட, இதை நம் புரோகிராமே கேட்டுக்கொள்ளலாமே! எண் சரியாக இருந்தால் ஓடு, இல்லையென்றால் நின்றுவிடு. ஒப்பந்தத்தில் இருந்த வரி பூட்டாக மாறியது இப்படித்தான்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973ல் ஜெர்மன் உதவியோடு வந்து இறங்கிய ஐ.பி.எம். 370/155 இந்தக் குடும்பத்து இயந்திரம்தான். அதற்கு முன்னால் நம் நாட்டில் பரவியிருந்த ஐ.பி.எம். 1401 போன்றவற்றில் இந்தக் கட்டளை கிடையாது. 1978ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டுக் கிளம்பியதும் அந்தப் பெட்டிகளைப் பராமரிக்கும் வேலையை அரசு நிறுவனமான சி.எம்.சி. ஏற்றுக்கொண்டது. செய்த கம்பெனியே ஊரை விட்டுப் போன பிறகும் பெட்டிகள் ஓடின. கம்பெனியின் அனுமதியைக் கேட்டுக்கொண்டு நிற்கும் பூட்டு எதுவும் அவற்றுக்குள் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இன்றைக்கு ஒரு கம்பெனி அப்படிக் கிளம்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தாத்தா காலத்து அரிவாள்

'இது எங்க தாத்தா காலத்து அரிவாள். பிடியை மூணு தடவை மாத்தினோம், அலகை ரெண்டு தடவை மாத்தினோம், மத்தபடி அதே அரிவாள்தான்' என்று ஊரில் ஒரு கிண்டல் உண்டு. ஐ.பி.எம். இதை நிஜமாகவே செய்தது.

1988ல் வந்த ஏ.எஸ்/400 நடுத்தரக் கம்பெனிகளின் செல்லப்பிள்ளை. அதன் சீரியல் நம்பர் ஏழு குறி. முதல் இரண்டு எந்த ஆலை என்பது (அமெரிக்காவின் ராச்செஸ்டர் ஆலைக்கு 10), மீதி ஐந்து வரிசை. அதன் மென்பொருள்களுக்குப் பின்னாளில் 18 குறி கொண்ட சாவி கொடுத்தார்கள். அந்தச் சாவி இந்த ஏழு குறிக்கு மட்டுமே பொருந்தும். சாவி இல்லாவிட்டால் 70 நாள் தவணை. அதற்குப் பிறகு கும்பிடு.

இதனால் பெரிய பெட்டிக்கு மாறும்போது சிக்கல். புது எண் என்றால் ஒவ்வொரு மென்பொருள் கம்பெனியிடமும் போய்ப் புதுச் சாவிக்கு நிற்க வேண்டும். கணக்குப் புத்தகத்திலும் பழைய சொத்தைக் கழித்துப் புதுச் சொத்தை ஏற்ற வேண்டும். அதனால் 'அதே சீரியல் நம்பரில் மேம்படுத்தல்' என்று ஒரு வழி வந்தது. உள்ளே கிட்டத்தட்ட எல்லாமே மாறும். எண் மட்டும் மாறாது. பெட்டியின் அடையாளம் இரும்பில் இருந்து எண்ணுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

இன்னொரு சமாசாரம், ஒரே மென்பொருள் சின்னப் பெட்டிக்கு ஒரு விலை, பெரிய பெட்டிக்கு ஒரு விலை. வேலை அதே சம்பளப் பட்டியல் போடும் வேலைதான். ஆனால் பெட்டி பெரியது என்பதால் கட்டணமும் பெரியது. சாப்பாட்டுக்கு இலையின் அளவைப் பார்த்துக் காசு வாங்குவது போல.

ஒரே உடம்பு, இரண்டு விலை

எண்ணின் முழு சக்தியையும் பார்க்க வேண்டுமென்றால் ஹெச்.பி. 3000 கதையைப் படிக்க வேண்டும்.

1972ல் வந்த வணிகக் கம்ப்யூட்டர் வரிசை அது. எம்.பி.இ. என்ற சொந்த இயங்குதளம். தொழிற்சாலைகளும் மொத்த வியாபாரிகளும் 'போட்டோம், மறந்தோம்' என்று ஓட்டிய பெட்டி. 1980களின் பிற்பாதியிலிருந்து இதற்கும், யூனிக்ஸ் ஓட்டும் ஹெச்.பி. 9000 வரிசைக்கும் அடிப்படை வன்பொருள் ஒன்றாகிவிட்டது. ஒரே உடம்பு. 3000 என்று விற்றால் ஒரு விலை, 9000 என்று விற்றால் அதைவிடக் குறைந்த விலை.

எது எந்தப் பெட்டி என்று எப்படித் தெரியும்? மின்சாரம் போனாலும் அழியாத ஒரு குட்டி நினைவகத்தில் மாடல் பெயரும் அடையாள எண்ணும் எழுதியிருக்கும். அந்த எண்ணுக்கு எம்.பி.இ.யில் ஹெச்.பி.சூசன் என்று பெயர். (சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படித்தான்.) மூன்றாம் தரப்பு மென்பொருள்கள் சூசனையும் மாடல் பெயரையும் பார்த்த பிறகுதான் கதவைத் திறக்கும். பலகை பழுதானால், புதிய பலகையில் பழைய எண்ணை எழுதித் தருவது ஹெச்.பி. எஞ்சினியரின் வேலை. அதற்கான கருவி அவரிடம் மட்டும்தான் இருக்க வேண்டும்.

இருக்க வேண்டும்! ஆனால் பழைய பெட்டி வியாபாரிகள் சிலர் கையிலும் அது போய்ச் சேர்ந்தது. மலிவான 9000ஐ வாங்கி, அந்தக் குட்டி நினைவகத்தில் நாலு வார்த்தையை மாற்றி, விலை உயர்ந்த 3000 ஆக்கி விற்றார்கள். 1999ல் ஹெச்.பி. அமெரிக்காவில் நீதிமன்றத்துக்குப் போனது. செய்தது தப்புத்தான், சந்தேகமில்லை. ஆனால் பெரிய தொகை விலை வித்தியாசம் சில எழுத்துகளில்தான் இருந்தது என்பதும் அதோடு வெளியே தெரிந்துபோனது.

2001 நவம்பர் 14 அன்று ஹெச்.பி. 3000 வரிசையையே மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. ஆதரவு 2006 கடைசி வரை என்றார்கள். பிறகு 2008, பிறகு 2010 என்று நீட்டினார்கள். நன்றாக ஓடும் பெட்டியை விட்டுப் போக மனமில்லாமல் பலர் அப்படியே தொடர்ந்தார்கள். அவர்களின் பயம் பெட்டி பழுதாகும் என்பது அல்ல. பழைய பெட்டிகள் சல்லிசாகக் கிடைத்தன. மென்பொருள் எழுதிய சின்னக் கம்பெனி மூடிவிட்டால், புதுப் பெட்டியின் எண்ணுக்குப் புதுச் சாவி யார் தருவார்கள் என்பதுதான் பயம். பூட்டு இருக்கிறது, பூட்டுக்காரர் இல்லை.

பின்னாளில் இன்டெல் சர்வரில் ஹெச்.பி. 3000 போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள் வந்தது. அதற்கும் சூசன் தேவைப்பட்டாள். பழைய எண்ணை ஒரு யு.எஸ்.பி. சாவியில் எழுதிச் செருகிவிட்டார்கள். உடம்பு போய்ச் சேர்ந்த பிறகும் எண் மட்டும் விரல் நீளத் துண்டில் உயிரோடு இருக்கிறது.

பேட்டரி செத்தால் பெயர் போச்சு

சன் கம்பெனியின் பெட்டிகளில் இன்னொரு வேடிக்கை. ஒவ்வொன்றுக்கும் 'ஹோஸ்ட் ஐடி' என்று எட்டுக் குறி எண். 0 முதல் 9, ஏ முதல் எஃப் வரை பதினாறு குறிகளில் எழுதுவது. முதல் இரண்டு பெட்டியின் வகை (அல்ட்ரா வகைக்கு 80), மீதி ஆறு தனி எண். 1990களில் சிப் வடிவமைப்பு, எஞ்சினியரிங் மென்பொருள் எல்லாம் இதைப் பார்த்துத்தான் லைசன்ஸ் கொடுத்தன.

இந்த எண் இருந்த இடம் ஒரு சின்ன சிப். கடிகாரமும் அதற்குள்ளேயே, பேட்டரியும் அதற்குள்ளேயே, மேலே பிளாஸ்டிக் வார்த்து மூடியது. பேட்டரிக்கு ஆயுசு ஏறக்குறைய பத்து வருடம். அது செத்த அன்று பெட்டிக்குத் தன் பெயரே மறந்துவிடும். நெட்வொர்க் முகவரி உட்பட எல்லாம் எஃப் எஃப் எஃப் என்று காட்டும். சொந்தப் பெயர் தெரியாதவனுக்கு லைசன்ஸ் சர்வர் என்ன மரியாதை கொடுக்கும்?

வைத்தியம் இருந்தது. பழைய எண்ணை எங்காவது எழுதிவைத்திருந்தால், பெட்டி முழுசாகக் கிளம்புவதற்கு முன் வரும் திரையில் கையாலேயே ஒவ்வொரு குறியாகத் தட்டி மறுபடி பெயர் சூட்டலாம். துணிந்தவர்கள் பிளாஸ்டிக்கைச் சுரண்டி வெளியே ஒரு மூன்று வோல்ட் பட்டன் செல்லைப் பற்றவைத்தார்கள். எழுதிவைக்காதவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

இதில் ஒன்றைப் பாருங்கள். பணம் கட்டி வாங்கிய நேர்மையான வாடிக்கையாளருக்குத்தான் இந்தத் தலைவலி. திருட்டுப் பிரதி ஓட்டுபவன் பூட்டை உடைத்துத்தான் ஓட்டுவான். அவனுக்குப் பேட்டரி செத்தால் என்ன, இருந்தால் என்ன?

பின்னாளில் வந்த சில சன் சர்வர்களில் இந்த அடையாளத்தை ஒரு சின்ன அட்டையில் வைத்தார்கள். பெட்டி பழுதானால் அட்டையைப் பிடுங்கி மாற்றுப் பெட்டியில் செருகினால் பெயரும் கூடவே வந்துவிடும். சிம் கார்டு மாதிரி. நல்ல யோசனை.

ஐந்து நாற்காலி, பத்துப் பேர்

1988 வாக்கில் ஃபிளெக்ஸ் எல்.எம். வந்ததும் எண்ணின் வேலை இன்னும் மாறியது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி லைசன்ஸ் வேண்டாம். ஒரே ஒரு சர்வரின் எண்ணில் லைசன்ஸைப் பூட்டி, அங்கிருந்து மற்றவர்களுக்குக் கடன் கொடுக்கலாம். ஐந்து லைசன்ஸ் வாங்கினால் ஒரே நேரத்தில் யாராவது ஐந்து பேர். ஆறாவது ஆள் காத்திருக்க வேண்டும். லைசன்ஸ் கோப்பு சாதாரண எழுத்துக் கோப்புத்தான். முதல் வரியிலேயே சர்வரின் பெயரும் எண்ணும் இருக்கும். லினக்ஸ் வந்த பிறகு நெட்வொர்க் கார்டின் முகவரியே அந்த எண்ணாகிவிட்டது. கார்டு கருகினால் மொத்த டிபார்ட்மென்ட்டும் கைகட்டி நிற்கும்.

எஞ்சினியரிங் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். கேட் மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு ஒருவர் டீ குடிக்கப் போயிருப்பார். 'எவன்டா லைசன்ஸைப் பிடிச்சு வெச்சிருக்கான்?' என்று நாலு மொழியில் திட்டு விழும்.

வெளிநாட்டுக் கம்பெனிகள் இன்னொரு கணக்குப் போட்டன. அங்கே இரவு, இங்கே பகல். அங்கே ஆள் வீட்டுக்குப் போனதும் அதே லைசன்ஸை இங்கே நாம் ஓட்டலாமே! மென்பொருள் கம்பெனிகள் சும்மா இருக்குமா? இந்த ஊர், இந்தக் கட்டடம், இத்தனை தூரத்துக்குள் என்று ஒப்பந்தத்தில் எல்லை போட ஆரம்பித்தன. நாம் கடல் தாண்டிய வேலையைச் செய்யலாம், லைசன்ஸ் கடல் தாண்டக் கூடாது.

வீட்டில் மட்டும் வந்த கோபம்

இவ்வளவும் கம்பெனிகளுக்குள் நடந்தபோது பெரிதாக யாரும் கொடி பிடிக்கவில்லை. 1999ல் இன்டெல் தன் பென்டியம் III சிப்புக்குள் 96 பிட் நீளத்தில் ஒரு சீரியல் நம்பரை வைத்ததும்தான் கலவரம். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நிரந்தர எண்ணா, போகிற இணையதளமெல்லாம் எங்களைப் பின்தொடருமா என்று அமெரிக்காவில் தனியுரிமை அமைப்புகள் புறக்கணிப்பு அறிவித்தன. அடுத்து வந்த பென்டியம் 4ல் அந்த எண் இல்லை.

முப்பது வருடமாகப் பெரிய பெட்டிகளில் இருந்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். ஆனால் ஆபீஸில் 'நடைமுறை' என்று ஏற்றுக்கொண்டதை வீட்டில் 'வேவு' என்று பார்த்தார்கள். இரண்டு பார்வையிலும் உண்மை இருக்கிறது.

உடம்பே இல்லாத பெட்டி

பிறகு வந்தது மெய்நிகர் இயந்திரம். ஒரு நிஜப் பெட்டிக்குள் இருபது கற்பனைப் பெட்டிகள். 2003ல் வி.எம்.வேர், ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நிறுத்தாமலே ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு நகர்த்திக் காட்டியது. சேசிஸே இல்லாத வண்டி! சேசிஸ் நம்பரை எங்கே அடிப்பது? அதற்கும் ஓர் எண்ணைக் கற்பனையாகவே கொடுத்தார்கள். அந்த மெய்நிகர் பெட்டியின் கோப்புகளைப் பிரதி எடுத்துத் திறந்தால் அதுவே கேட்கும்: 'என்னை நகர்த்தினாயா, நகல் எடுத்தாயா?' நகல் என்றால் புது எண். நகர்த்தினேன் என்றால் பழைய எண். நம் வாய்ச்சொல்தான் அடையாளம்.

பூட்டு வேலை செய்யாது என்று தெரிந்ததும் பலர் தணிக்கைக்குப் போனார்கள். ஆரக்கிள் டேட்டாபேஸுக்குச் சாவியே கிடையாது, யாரும் நிறுவலாம். ஆனால் ஒரு நாள் தணிக்கைக் கடிதம் வரும்; எத்தனை பிராசசர் கோர் என்று எண்ணுவார்கள். மேகக் கணினியிலும் பழைய வாசனை போகவில்லை. பழைய லைசன்ஸை எடுத்துவர விரும்புகிறவர்களுக்காக, தனி நிஜப் பெட்டியையே ஒதுக்கித் தரும் வசதியை அமேசான் 2015ல் கொண்டுவந்தது. மேகத்தில் போய்த் தரையில் ஒரு பட்டா!

கடைசிப் படி சந்தா. 2023 நவம்பரில் வி.எம்.வேரை பிராட்காம் வாங்கியது. டிசம்பரிலேயே நிரந்தர லைசன்ஸ் விற்பனையை நிறுத்தி, இனிச் சந்தா மட்டும் என்றார்கள். வண்டிக்காரர்களுக்காவது 2021ல் பி.ஹெச். வரிசை என்று மாநிலம் தாண்டும் பதிவு எண் வந்தது. மென்பொருளில் போக்கு எதிர்த்திசை. பதிவு எண்ணை வருடா வருடம் வாடகைக்குத்தான் தருவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1984ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திக் கம்ப்யூட்டர் புரோகிராமை இலக்கியப் படைப்பு வகையில் சேர்த்தார்கள். 1995ல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், தெரிந்தே திருட்டுப் பிரதியைப் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறை என்று வந்தது. 2004ல், டி.சி.எஸ். தொடுத்த விற்பனை வரி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊடகத்தில் பதிந்து விற்கும் ரெடிமேட் மென்பொருள் 'சரக்கு' என்று சொன்னது. 2021ல் இன்னொரு வழக்கில், வெளிநாட்டு மென்பொருளை வாங்கி உபயோகிக்கக் கொடுக்கும் பணம் பதிப்புரிமைக்கான ராயல்டி ஆகாது என்றது.

வரி கட்டும்போது அது சரக்கு. ஆனால் சரக்கு என்று வாங்கியதைப் பழைய சைக்கிள் மாதிரி அடுத்தவருக்கு விற்க முடியுமா? ஐரோப்பிய நீதிமன்றம் 2012ல் ஆரக்கிள் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், நிரந்தரமாக வாங்கிய லைசன்ஸை மறுவிற்பனை செய்யலாம் என்றது. மற்ற இடங்களில் ஒப்பந்தத்தின் பொடி எழுத்துதான் எஜமான்.

எழுதியவனுக்குக் கூலி வேண்டாமா என்றால், கண்டிப்பாக வேண்டும். நாமெல்லாம் அந்தக் கூலியில் சாப்பிடுகிறவர்கள்தான். என் வாதம் வேறு. பூட்டுப் போடுகிறவர், தான் கடையை மூடும் அன்று சாவியை என்ன செய்வார் என்பதையும் வாங்கும்போதே எழுதித் தர வேண்டும். ஐ.பி.எம். ஒப்பந்தத்தில் இருந்த 'பழுதானால் வேறு பெட்டியில் ஓட்டலாம்' என்ற ஒரு வரிக்கு இருந்த மனிதத்தன்மை, பின்னால் வந்த பல பூட்டுகளில் இல்லை.

ஊரில் இருக்கும் பெட்டிக்கு

இதெல்லாம் பெரிய கம்பெனி விவகாரம் என்று நினைக்காதீர்கள். கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து ஒரு போன் வரும். 'அண்ணே, கடையில கம்ப்யூட்டர் மாத்திட்டோம். கணக்கு சாஃப்ட்வேர் லைசன்ஸ் இல்லேன்னு சொல்லுது. போட்டுக்கொடுத்த பையன் இப்ப வேற ஊருல இருக்கான்.' மார்ச் மாதக் கடைசி என்றால் இன்னும் விசேஷம்.

அதனால் சில காரியங்கள் செய்துவைப்பது நல்லது. கம்ப்யூட்டர், சர்வர் பின்னால் உள்ள ஸ்டிக்கரை இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள், அச்சு அழிந்துவிடும். லைசன்ஸ் எந்த மின்னஞ்சல் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். போட்டுக்கொடுத்த டீலரின் மின்னஞ்சலாக இருந்தால் கடையின் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். பழைய பெட்டியை ஃபார்மட் செய்வதற்கு முன்னால் லைசன்ஸை 'சரண்டர்' செய்யும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில், பேனாவால் எழுதி, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். சன் பெட்டிகளைக் காப்பாற்றியது கடைசியில் அப்படி எங்கோ எழுதிவைத்த எட்டுக் குறிகள்தான்.

அடுத்த ஞாயிறு ஊருக்குப் போன் போடும்போது, மழை பெய்ததா என்று கேட்டுவிட்டு, அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள்.